அலையில் ஏறாதவை

ஒளியால் மட்டும் ஓர் எலக்ட்ரானை வேகப்படுத்திவிட முடியாது. லேசர் எவ்வளவு பலமானதாக இருந்தாலும் சரி. பக்கத்தில் சுவரோ பொருளோ இல்லாத வெற்றிடத்தில், ஒளிவேகத்தை நெருங்கிப் போய்க்கொண்டிருக்கும் எலக்ட்ரான் ஒன்றை ஒளியலை வந்து பிடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பாதி அலை முன்னே தள்ளும், மறுபாதி பின்னே இழுக்கும். அலை கடந்துபோன பிறகு கணக்குப் பார்த்தால் மிச்சம் பூஜ்ஜியம். லாசன், உட்வர்ட் என்ற இருவர் பெயரில் இதற்கு ஒரு தேற்றமே இருக்கிறது. நிபந்தனைகளும் விதிவிலக்குகளும் உண்டென்றாலும் சாரம் இவ்வளவுதான். கொடுக்க ஒளி தயார், வாங்க எலக்ட்ரான் தயார், ஆனால் நடுவில் இன்னொன்று இல்லாமல் கைமாறுவதில்லை.

இதைப் படித்தபோது எனக்கு என் அப்பா அம்மா சண்டை ஞாபகம் வந்தது.

அப்பா ஸ்ரீரங்கத்துத் தென்கலை, அம்மா காஞ்சிபுரத்து வடகலை. வைஷ்ணவத்தின் இரண்டு கலைகளுக்கு நடுவே இன்றைக்கு இந்தச் சம்பந்தம் ஒரு செய்தியே இல்லை. அவர்கள் கல்யாணத்துக்கு இரண்டு பக்கத்திலும் சில பேர் வரவில்லை. பணம், மாமியார், சமையல் என்று எதிலும் அவர்களுக்குள் தகராறு கிடையாது. பெருமாள் ஒருத்தரைக் கரையேற்றுவது அவர் இஷ்டமா, நாம் ஏதாவது செய்தால்தான் கரையேற்றுவாரா என்பதில்தான் தகராறு. குரங்குக்குட்டி தாயின் வயிற்றைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும், தாய் கிளைக்குக் கிளை தாவும்போது கூடவே போகும். இது வடகலையார் சொல்லும் மர்க்கட நியாயம். பூனைக்குட்டி எதையும் பிடிப்பதில்லை, தாய்தான் கவ்விக்கொண்டு போகும். இது தென்கலையார் சொல்லும் மார்ஜார நியாயம். எங்கள் வீட்டில் ராத்திரிச் சாப்பாடு முடிந்து எச்சில் இடும் நேரத்தில் இந்தக் குரங்கும் பூனையும் வந்துவிடும்.

"ஏன்னா, சும்மா உட்கார்ந்துண்டிருந்தா அவர் வந்து தூக்கிண்டு போயிடுவாரா? ஒரு சாக்காவது வேண்டாமா?" என்பாள் அம்மா.

"சாக்கு கேட்டுண்டு குடுத்தா அது கிருபை இல்லைடி, கூலி" என்பார் அப்பா.

அம்மா சொன்ன அந்தச் சாக்கைத்தான் வடகலையாரின் ஆசாரியர் வேதாந்த தேசிகர் வியாஜம் என்கிறார். ஜீவன் சரணாகதி என்ற ஒரு சின்னக் காரியத்தைச் செய்ய வேண்டும். அது முக்திக்கு விலை ஆகாது, ஆனால் அதுகூட இல்லாமல் பகவான் ஒருவனை எடுத்துக்கொண்டு இன்னொருவனை விட்டால் அவருக்குப் பாரபட்சப் பழி வரும். பிரம்ம சூத்திரத்தின் இரண்டாம் அத்தியாயமே இந்தப் பழியை வைஷம்யம், நைர்க்ருண்யம் என்று பெயர் சொல்லி எடுத்து விசாரிக்கிறது. தென்கலையாரின் ஆசாரியர் பிள்ளை லோகாசாரியர் எழுதிய ஸ்ரீவசன பூஷணம் வேறு பக்கம் போகிறது. கிருபைக்கு ஹேது கிடையாது, ஹேது இருந்தால் அது அவனுடைய சுதந்திரத்துக்குக் குறைவு, நம் பங்கு அவன் எடுக்கும்போது மறுக்காமல் இருப்பது மட்டுமே. காஞ்சிபுரத்தில் கோஷ்டியில் யார் முன்னால் நின்று சேவிப்பது என்று இரண்டு கலைக்காரர்களும் நீதிமன்றம் வரை போனார்களே, அந்த வழக்குகளைவிட எனக்கு இந்த வாதம் முக்கியமாகப் பட்டது. அதற்குக் காரணம் என் வேலை.

ஓய்வு பெறும்வரை திருச்சியில் ஒரு புற்றுநோய் மருத்துவமனையில் மெடிக்கல் பிசிசிஸ்டாக இருந்தேன். டாக்டர் எழுதித் தரும் டோஸ் நோயாளியின் உடம்பில் சொன்ன இடத்தில், சொன்ன அளவில் போய்ச் சேருகிறதா என்று பார்க்கிற ஆள். காலையில் முதல் நோயாளி வருவதற்கு முன் கதிர்வீச்சு கொடுக்கும் லினாக்கை ஓடவிட்டு, உடம்புக்குப் பதிலாக வைக்கும் ஃபேன்டத்துக்குள் கதிரை அளக்கும் சேம்பரை வைத்து, நேற்று கொடுத்த அளவையே இன்றும் கொடுக்கிறதா என்று பார்ப்போம். மூன்று சதவீதத்துக்கு மேல் விலகினால் அன்றைக்கு மிஷின் நிற்கும், வெளியே பெஞ்சில் இருக்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். லினாக்கும் ஒரு எலக்ட்ரான் முடுக்கிதான். தாமிரக் குழிகள் வரிசையாக இருக்கும் ஒரு குழாய்க்குள் மைக்ரோவேவ் அலையைச் செலுத்தி, அதன் மேல் எலக்ட்ரானை ஏற்றி, டங்ஸ்டன் தகட்டில் மோதவிட்டு எக்ஸ்ரே எடுக்கிறோம். தஞ்சாவூர், பெரம்பலூர் பக்கத்து ஜனங்களுக்கு இதெல்லாம் 'கரண்டு வைக்கிறது'. எத்தனை கரண்டு முடிஞ்சுது, இன்னும் எத்தனை கரண்டு பாக்கி என்றுதான் கேட்பார்கள். நானும் அப்படித்தான் பதில் சொல்வேன்.

கர்ப்பப்பை வாய்ப் புற்றுக்காக வந்த ஒரு பெண் ஒருநாள் லினாக் இருக்கும் பங்கர் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்கும் அந்த அக்காவுக்கும் ஒரே வியாதி, ஒரே மிசினு, ஒரே கரண்டு. அவுங்களுக்குக் கரஞ்சிருச்சுன்னு சொல்லிட்டாங்க. எனக்கு மட்டும் ஏன் கரையல டாக்டரம்மா? நான் யாருக்கு என்ன செஞ்சேன்?"

பதில் என்னிடம் இருந்தது. கட்டிக்குள் ரத்த ஓட்டம் மோசமாகி ஆக்ஸிஜன் குறைந்திருந்தால் கதிர்வீச்சு பலிப்பது வெகுவாகக் குறையும். கதிர் செல்லுக்குள் உண்டாக்கும் சேதத்தை நிலைக்கச் செய்வதில் ஆக்ஸிஜனுக்குப் பெரிய பங்கு. பாடப்புத்தகத்தில் வரைபடத்தோடு இருக்கிற விஷயம். ஆனால் அவர் கேட்டது அதை இல்லை. அவர் கேட்டது பிரம்ம சூத்திரத்தின் கேள்வி, அதே வைஷம்யம். அதற்கு மர்க்கட நியாயத்தை எடுத்துச் சொன்னால் நீ சரியாகப் பிடித்துக்கொள்ளவில்லை என்று ஆகிறது. மார்ஜார நியாயத்தை எடுத்துச் சொன்னால் உன்னை அவர் கவ்வவில்லை என்று ஆகிறது. இரண்டில் எதையும் ஒரு மனுஷியின் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. வீட்டில் சாப்பிட்ட இடத்தில் நன்றாக ஓடிய வாதம் பங்கர் வாசலில் நின்றுவிட்டது.

லேசர் முடுக்கிகளைப் பற்றி நான் படிக்க ஆரம்பித்ததற்குத் தத்துவம் காரணம் இல்லை, தொழில் ஆர்வம். லினாக்கின் தாமிரத்துக்கு ஒரு வரம்பு உண்டு. மீட்டருக்கு நூறு மில்லியன் வோல்ட்டை நெருங்கினால் குழிக்குள் தீப்பொறி பறந்து உலோகமே சிதையத் தொடங்கும். அதனால் அதிக ஆற்றல் வேண்டுமென்றால் நீளமாகக் கட்ட வேண்டும். கலிபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டை ஒட்டி 3.2 கிலோமீட்டர் நீளத்துக்கு நேர்க்கோட்டில் கட்டித்தான் எலக்ட்ரானை 50 கிகா எலக்ட்ரான் வோல்ட் வரை கொண்டுபோனார்கள். 1979இல் லாஸ் ஏஞ்சலஸில் இருந்த தோஷிகி தாஜிமாவும் ஜான் டாசனும் இதற்கு ஒரு மாற்று வழி எழுதினார்கள். உடைந்துபோகும் என்று பயப்படுகிற பொருளை முதலிலேயே உடைத்துவிடுங்கள் என்றார்கள். வாயுவின் அணுக்களிலிருந்து எலக்ட்ரான்களைப் பிய்த்துவிட்டால் கிடைக்கும் பிளாஸ்மாவில் உடைய இனி எதுவும் பாக்கி இல்லை. அதற்குள் மிகக் குறுகிய, மிகப் பலமான லேசர் துடிப்பை விட்டால், அது எலக்ட்ரான்களைப் பக்கவாட்டில் ஒதுக்கித் தள்ளிக்கொண்டு போகும். கருக்கள் கனமானவை. ஹைட்ரஜன் கரு எலக்ட்ரானைப் போல 1836 மடங்கு கனம், அந்த நேரத்துக்குள் அதனால் அசைய முடியாது. ஒளி போன பிறகு அந்தக் கருக்கள் எலக்ட்ரான்களைத் திரும்ப இழுக்கும். அவை வந்த வேகத்தில் தம் இடத்தைத் தாண்டிப் போய், மறுபடி திரும்பும். படகு போன பின்னால் தண்ணீரில் அலை கிளம்புகிற மாதிரி ஒளிக்குப் பின்னால் ஒரு மின் அலை ஓடிவரும். அந்த அலையில் ஏறிக்கொண்ட எலக்ட்ரானுக்கு மீட்டருக்கு நூறு பில்லியன் வோல்ட் வரை கிடைக்கும். தாமிரத்தின் வரம்பைப் போல ஆயிரம் மடங்கு.

எழுதியபோது அதற்கு வேண்டிய லேசர் உலகத்தில் இல்லை. 1985இல் ரோசெஸ்டரில் ஜெரார் மூருவும் டோனா ஸ்ட்ரிக்லேண்டும் ஒரு வழி கண்டார்கள். ஒளித்துடிப்பை நீட்டி, நீட்டிய நிலையில் பெருக்கி, பிறகு சுருக்குவது. 2018இல் அதற்கு நோபல் கிடைத்தது. இன்று பெர்க்லியில் இருக்கும் பெல்லா லேசர் 40 ஜூல் ஆற்றலை ஒரு விநாடியின் 25 லட்சம் கோடியில் ஒரு பங்கு நேரத்துக்குள் அடைக்கிறது. அதாவது 40 ஃபெம்டோவிநாடி, அந்த ஒளித் துண்டின் நீளமே 12 மைக்ரான்தான். 40 ஜூல் ஒன்றும் பெரிய ஆற்றல் இல்லை. ஆனால் அந்தக் கணத்தில் அதன் திறன் ஒரு பெட்டாவாட், உலகத்து மின் நிலையங்கள் எல்லாம் சேர்ந்து கொடுப்பதைப் போல நூற்றுக்கணக்கான மடங்கு. பத்திரிகைகள் இதை 'மேசை மேல் முடுக்கி' என்று எழுதும்போது எனக்குச் சிரிப்பு வரும். எலக்ட்ரான் முடுக்கம் பெறும் இடம் என்னவோ ஒரு ஸ்கேல் நீளம்தான், அதற்கு ஒளி கொடுக்கும் லேசர் ஒரு கூடத்தை அடைத்துக்கொண்டு நிற்கிறது.

வருஷக்கணக்காக இதில் ஒரு குறை இருந்தது. அலை எலக்ட்ரான்களை ஏற்றிக்கொண்டது உண்மை, ஆனால் யார் எப்போது ஏறுவார்கள் என்பதற்கு ஒழுங்கே இல்லை. ஒன்று கொஞ்சம் வேகம், ஒன்று ரொம்ப வேகம் என்று எல்லா ஆற்றலிலும் கலந்து வெளியே கொட்டியது. 2004 செப்டம்பர் கடைசியில் நேச்சர் இதழ் 'கனவுக் கற்றை' என்று அட்டையில் போட்டு மூன்று கட்டுரைகளை ஒன்றாக வெளியிட்டது. இங்கிலாந்து, பிரான்ஸ், பெர்க்லி மூன்று இடத்துக் குழுக்களும், சில மில்லிமீட்டர் வாயுவில், ஏறக்குறைய ஒரே ஆற்றலில் திரண்டு வரும் எலக்ட்ரான்களைக் காட்டியிருந்தன. 70 முதல் 170 மெகா எலக்ட்ரான் வோல்ட். எங்கள் லினாக் தருவதோ 6, 10, 15. அந்தக் கட்டுரைகளைப் படித்த நாளில்தான் ஏறுவது யார் என்ற கேள்வி இயற்பியலிலும் ஒரு கேள்வி என்று எனக்கு உறைத்தது.

அலை ஏறத்தாழ ஒளிவேகத்தில் ஓடுகிறது. சும்மா இருக்கும் எலக்ட்ரானை அது கடந்துபோய்விடும், எலக்ட்ரான் கொஞ்சம் முன்னும் பின்னும் ஆடிவிட்டு நிற்கும். ஏற வேண்டுமென்றால் அலை தன்னைத் தாண்டுவதற்குள் அதன் வேகத்தை எட்டியாக வேண்டும். ஒரு வழி, வேறொரு முடுக்கியிலிருந்து ஏற்கெனவே வேகமாக வரும் எலக்ட்ரானைக் கொண்டுவந்து சேர்ப்பது. இது அம்மாவின் குரங்கு. இன்னொரு வழி, லேசரை இன்னும் பலப்படுத்துவது. அப்போது ஒளிக்குப் பின்னால் எலக்ட்ரானே இல்லாத ஒரு குமிழி உண்டாகும். ஒதுக்கப்பட்டவை குமிழியைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் வந்து சேரும் இடத்தில் சிலவற்றை அலை அப்படியே உள்ளே இழுத்துக்கொள்ளும். அவை எந்த வேகமும் கொண்டுவந்தவை இல்லை. 2004இன் மூன்று கற்றைகளும் இப்படி வந்தவைதான். அப்பா அப்போது இருந்தார், சொன்னேன். "பார்த்தியா, கடைசியில பூனை" என்று சொல்லிவிட்டு அம்மா இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தார். அம்மா காதில் விழாத மாதிரி இருந்தாள்.

2010 வாக்கில் மூன்றாவது ஒரு வழி வந்தது. லேசான வாயுவோடு நைட்ரஜனைச் சிறிதளவு கலப்பது. நைட்ரஜனுக்கு ஏழு எலக்ட்ரான்கள். வெளியே இருக்கும் ஐந்தும் லேசர் துடிப்பின் முன்விளிம்பு பட்டவுடனே கழன்றுவிடும். கருவை ஒட்டி இறுகக் கட்டுண்டிருக்கும் கடைசி இரண்டும், துடிப்பின் உச்சம் தன் மேல் வரும்வரை விடுவதில்லை. விடும்போது அவை ஏற்கெனவே அலைக்குள் சரியான இடத்தில் இருக்கும். அதனாலேயே ஏறிக்கொள்ளும். 2024இல் பெர்க்லியில் 30 சென்டிமீட்டருக்குள் 9.2 கிகா எலக்ட்ரான் வோல்ட் எடுத்தார்கள். ஹைட்ரஜன் தாரையில் ஓரிடத்தில் மட்டும் நைட்ரஜனைக் கலந்து, எங்கே ஏற வேண்டும் என்பதைத் தாங்களே தீர்மானித்தார்கள். இறுகக் கட்டுண்டது கடைசியில் விடுபட்டு எல்லாவற்றையும்விட வெகுதூரம் போகிறது. உபன்யாசக்காரர் யார் கையிலாவது இது கிடைத்தால் ஒரு மாசம் ஓட்டிவிடுவார். எனக்கு அந்த ஆசை வந்ததும் உண்டு. ஆனால் நைட்ரஜனின் உள் எலக்ட்ரானுக்கு எந்தப் பக்குவமும் கிடையாது. அது இருந்த இடம் அப்படி, அவ்வளவுதான். குரங்கு, பூனை, நைட்ரஜன் எல்லாவற்றிலும் கடைசியில் மிஞ்சுவது இடமும் நேரமும். பங்கர் வாசலில் நின்ற அந்தப் பெண்ணுக்கு இடமும் நேரமும் அமையவில்லை என்று சொன்னால் அது ஆறுதலும் ஆகாது, பதிலும் ஆகாது.

இந்த இடத்திலேயே ரொம்ப நாள் நின்றிருந்தேன். பிறகு ஒரு சாதாரணக் கணக்கு என்னை நகர்த்தியது. 10 பைக்கோகூலம்ப் மின்னூட்டம் உள்ள கற்றையில் எத்தனை எலக்ட்ரான்? சுமார் ஆறு கோடி. சரி, லேசர் கடந்துபோகும் அந்த மெல்லிய, 30 சென்டிமீட்டர் நீளப் பாதையில் மொத்தம் எத்தனை எலக்ட்ரான்? தோராயமாகப் போட்டால் கோடி கோடி வருகிறது. ஒன்று ஏறினால் பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவை ஏறுவதில்லை. கட்டுரைகளில் கற்றைக்குத்தான் வரைபடம் உண்டு. ஏறாதவற்றைப் பின்னணிப் பிளாஸ்மா என்று எழுதிவிட்டு மேலே போய்விடுவார்கள்.

ஆனால் அந்த அலை எது? ஒளி அலை இல்லை. ஒளி எலக்ட்ரானுக்கு நேரடியாகக் கொடுத்தால் கணக்கு பூஜ்ஜியம் என்று முதலிலேயே பார்த்தோம். ஒளி செய்வது ஒதுக்கித் தள்ளுவது மட்டும். ஏறிய எலக்ட்ரானை முன்னே இழுக்கும் மின்புலம், ஏறாத எலக்ட்ரான்கள் தம் இடத்தைவிட்டு விலகியதால் உண்டானது. அவை விலகி நிற்கும் அந்தக் கணத்துப் பள்ளம்தான் அலை. அவை தம் இருப்பிடத்துக்குத் திரும்ப வேண்டும் என்று தவிக்கும் தவிப்பில் உள்ள ஆற்றலைத்தான் ஏறியது எடுத்துக்கொண்டு போகிறது. ஏறாதவை வேடிக்கை பார்த்தவை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். வண்டியே அவைதான்.

அப்பாவும் அம்மாவும் ஆயுசு முழுக்கப் போட்ட வாதத்தில் தாய் உண்டு, குட்டி உண்டு, மூன்றாவது ஆள் கிடையாது. குட்டி பிடித்ததா, தாய் கவ்வியதா என்பதற்கு மேல் அங்கே கேட்க எதுவும் இல்லை. இருவர் மட்டும் இருக்கும் கதையில் 'எனக்கு ஏன் இல்லை' என்ற கேள்விக்கு இரண்டே முகவரிதான், ஒன்று நான், இன்னொன்று அவர். ஆகவே பதில் எப்போதும் பழியாகவே வருகிறது.

என் தொழிலையே இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரித் தெரிந்தது. தினமும் 2 கிரே, வாரத்துக்கு ஐந்து நாள், ஆறேழு வாரம் என்று நாங்கள் கரண்டு வைப்பதை யாரும் காகிதத்தில் கணக்குப் போட்டுக் கண்டுபிடிக்கவில்லை. 1920களில் பாரிஸில் கிளாட் ரெகோ ஆட்டுக்கடாக்களில் சோதனை செய்து, ஒரே தடவையில் கொடுத்தால் தோல் வெந்துபோகிறது, பிரித்துக் கொடுத்தால் தோல் தப்பிக்கிறது என்று கண்டார். அங்கேயே ஹென்றி கூத்தார் தொண்டைப் புற்று நோயாளிகளுக்கு டோஸைப் பல நாட்களுக்குப் பிரித்துக் கொடுத்துப் பார்த்தார். அதற்கு முன்னால் ஒரேயடியாக வாங்கிக்கொண்டு வெந்துபோனவர்கள் எத்தனையோ பேர். தண்டுவடத்துக்கு 45 கிரேக்கு மேல் போகாதே என்று எந்தப் பிளானிலும் நாங்கள் வைக்கும் கோடு, அதற்கு மேல் வாங்கிக் கால் விளங்காமல் போனவர்களின் கேஸ் ஷீட்டிலிருந்து வந்தது. 1991இல் எமாமி குழு வெளியிட்ட உறுப்புவாரி அட்டவணையை நான் கண்ணாடிக்கடியில் வைத்திருந்தேன். அதில் ஒவ்வொரு எண்ணும் கரையாதவர்களும் கெட்டுப்போனவர்களும் கொடுத்த எண். அந்த அக்காவுக்குக் கரைந்ததே, அது மிஷின் மட்டும் செய்த காரியம் இல்லை. முன்னால் படுத்து எழுந்திருக்காதவர்கள் அதற்குள் இருக்கிறார்கள். அந்தப் பெண்ணின் ரிப்போர்ட்டும் ஏதோ ஒரு அட்டவணையில் போய்ச் சேர்ந்திருக்கும். பலித்தது, பலிக்கவில்லை என்று இரண்டு கட்டம் இருந்தால்தான் அட்டவணையே போட முடியும்.

வைஷ்ணவத்துக்குள் இந்த மூன்றாவது ஆள் இல்லாமல் போகவில்லை. அவரைத் தத்துவ கிரந்தத்தில் தேடியிருந்தால் எனக்கு அகப்பட்டிருக்க மாட்டார், அவர் குருபரம்பரைக் கதையில் இருக்கிறார். சோழ ராஜா ராமானுஜரைப் பிடித்துவர ஆள் அனுப்பியபோது, கூரத்தாழ்வான் ராமானுஜரின் காஷாயத்தைத் தான் உடுத்திக்கொண்டு சபைக்குப் போனார். ராமானுஜர் வெள்ளை வேஷ்டியில் மேல்கோட்டைப் பக்கம் தப்பினார். ஆழ்வானுக்கு அங்கே கண் போனது. இதற்கெல்லாம் தூண்டுகோலாக இருந்தவன் நாலூரான். வருஷங்கள் கழித்து ராமானுஜர் திரும்பிவந்து, காஞ்சி வரதரிடம் உம் கண்ணைக் கேளும் என்று ஆழ்வானை அனுப்புகிறார். ஆழ்வான் சந்நிதியில் போய் நின்று, எனக்கு என்ன கதியோ அதே கதி நாலூரானுக்கும் வேண்டும் என்று கேட்டுவிட்டு வருகிறார். நாலூரான் எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. பெருமாளும் தானாகப் போய் அவனைக் கவ்வவில்லை. நடுவில் கண் இல்லாத ஒருத்தர் நின்றார், அவர் வழியாக நடந்தது. அப்பா இந்தக் கதையைத் தென்கலைக்குச் சாட்சியாகச் சொல்வார், ஆசாரியனின் அபிமானம் போதும் என்பதற்கு. அம்மாவோ, ஆழ்வான் வாய்விட்டுக் கேட்டதுதானே சாக்கு என்பாள். இருவரும் நாலூரானையும் பெருமாளையும் பற்றியே பேசினார்கள். கண் போனவரின் பக்கம் நின்று நான் அதைக் கேட்டதில்லை.

பிளாஸ்மாவை அருளுக்கு நேராக வைப்பதில் சில இடங்கள் ஒட்டாது. அலை ஏற்றிக்கொள்வதற்கு ஒரு அளவு உண்டு. நிறைய எலக்ட்ரான்கள் ஏறினால் அவற்றின் மின்புலமே அலையைத் தட்டையாக்கிவிடும், ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது குறையும். பெருமாளுக்கு இப்படி ஒரு வரம்பை அப்பாவும் அம்மாவும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அலையில் அதிக தூரம் போன எலக்ட்ரான் அலையையே முந்திக்கொண்டு, தள்ளும் இடத்தைத் தாண்டி இழுக்கும் இடத்துக்கு வந்து வேகத்தை இழக்கும். அதனால் அதற்கு முன்பே பிளாஸ்மாவை முடித்துவிட வேண்டும். மோட்சத்தில் அப்படி எதுவும் கேள்விப்பட்டதில்லை.

எல்லாவற்றையும்விட முக்கியமான வித்தியாசம், ஆழ்வான் தெரிந்து போனார். எலக்ட்ரானை யாரும் கேட்கவில்லை. கூத்தாருக்கு முந்திய நோயாளிகளையும் பெரும்பாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். கேட்டாக வேண்டும் என்று உலகம் எழுதிவைத்ததே 1947இல் நியூரம்பர்க்கிலும் 1964இல் ஹெல்சிங்கியிலும்தான். அதனால் அவர்கள் தியாகம் செய்தார்கள் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. கொடுத்தவர் என்று சொல்ல வேண்டுமென்றால் முதலில் அவர் கையில் அது இருந்திருக்க வேண்டும், தரமாட்டேன் என்று சொல்லவும் வழி இருந்திருக்க வேண்டும். பங்கர் வாசலில் கேட்ட பெண்ணிடம், உங்களால் இன்னொருத்தருக்கு நடக்கும் என்று நான் சொல்லவில்லை. அப்போது எனக்கு அது தோன்றவும் இல்லை. தோன்றியிருந்தாலும், ஏறியவர்கள் தரப்பிலிருந்து ஏறாதவரிடம் சொல்லக்கூடிய வாக்கியமா அது?

இந்த விஷயம் கதையோடு நிற்காமல் வேலையாகவும் வரப்போகிறது. எங்கள் லினாக்கின் எலக்ட்ரான் சில சென்டிமீட்டருக்கு மேல் உடம்புக்குள் போகாது, தோலுக்கும் மேலாக இருக்கும் கட்டிக்கும்தான் ஆகும். லேசர் முடுக்கி தரும் 100, 200 மெகா எலக்ட்ரான் வோல்ட் கற்றை வயிற்றுக்குள் ஆழத்தில் இருக்கும் கட்டிவரை போகும். கதிரை விநாடியின் ஒரு சிறு பகுதிக்குள் கொட்டிவிட்டால் நல்ல திசு அதிகம் கெடுவதில்லை என்று 2014இல் பாரிஸில் எலிகளில் பார்த்தார்கள். 2018இல் லோசானில், லேசர் இல்லாத சாதாரண முடுக்கி ஒன்றின் எலக்ட்ரானால், தோலில் லிம்ஃபோமா இருந்த 75 வயதுக்காரர் ஒருவருக்கு 15 கிரேயை 90 மில்லி விநாடியில் கொடுத்தார்கள். அவருக்கு நன்றாக ஆறியது. லேசர் கற்றை மருத்துவமனைக்கு வர இன்னும் நாளாகும். ஹாம்பர்க்கில் ஒரு குழு 2020இல், ஒரு நாளுக்கும் மேலாக நிறுத்தாமல் ஓட்டி ஒரு லட்சத்துக்கும் அதிகமான எலக்ட்ரான் கற்றைகளை எடுத்துக் காட்டியது. அதுவே பெரிய சாதனை என்றால் நாங்கள் காலையில் பார்க்கும் மூன்று சதவீதக் கணக்குக்கு எவ்வளவு தூரம் என்று தெரிந்துகொள்ளலாம். ஆனால் வரும். வரும்போது முதலில் படுக்கப்போகும் சிலருக்குப் பலிக்காது.

ஓய்வுக்குப் பிறகு ஒரு மருத்துவமனையின் எத்திக்ஸ் கமிட்டியில் என்னைச் சேர்த்திருக்கிறார்கள். புது மருந்து, புது மிஷின், புது முறை எதுவானாலும் நோயாளியின் ஒப்புதல் படிவம் எங்கள் மேசைக்கு வரும். எல்லாப் படிவத்திலும் ஒரு வரி இருக்கும். இந்த ஆய்வால் உங்களுக்கு நேரடிப் பலன் கிடைக்காமல் போகலாம், இதில் தெரியவரும் விஷயங்கள் பிற்காலத்தில் மற்ற நோயாளிகளுக்கு உதவலாம் என்று. ஆங்கிலத்திலிருந்து இழுத்துப் பிடித்துத் தமிழாக்கிய அந்த வரி, ரத்தம் எடுக்கும் அளவுக்கும் பஸ் செலவு தரும் விவரத்துக்கும் பின்னால் நாலாம் பக்கத்தில் கிடக்கும். அதைப் பெரம்பலூர்க்காரருக்குப் புரிகிற தமிழில் முதல் பக்கத்தில் முதல் வரியாகப் போட வேண்டும் என்றேன். அப்படிப் போட்டால் ஒருத்தரும் கையெழுத்துப் போட மாட்டார்கள் என்றார் எதிரில் இருந்த டாக்டர். போடாவிட்டால் போடாமலே இருக்கட்டும், படித்துவிட்டுப் போடுகிறவர் எத்தனை பேர் என்றாவது தெரியட்டும் என்றேன். மூன்று கூட்டத்துக்கு இழுத்தார்கள். இப்போது அந்த வரி இரண்டாம் பக்கத்துக்கு வந்திருக்கிறது.